கேள்வி கேக்காத சாவி

ஏனுங்க, இந்த மாலைக் கூடைய சித்த நேரம் உங்க மடியில வெச்சுக்கறீங்களா? கீழ வெச்சா யாராச்சும் மிதிச்சுருவாங்க. கல்யாண மாலைங்க. என்ற தங்கச்சி பொண்ணுக்கு நான் போடோணும். நான்தானுங்க தாய்மாமன். ஈரோட்டுல எறங்கி காங்கேயம் பஸ் புடிக்கோணும், பொழுது எறங்கறதுக்குள்ள சீரு, நாளைக்குக் கல்யாணம். இந்தக் கெரகம் புடிச்ச பாலத்துல வண்டி நின்னது நின்னபடி நிக்குது. முன்னாலயும் லாரி, பின்னாலயும் லாரி, கீழ காவேரி. எறங்கி நடக்கலாம்னாக்கூட எடமில்ல.

போனையே பாத்துட்டு இருக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. யாரோ கூப்பிடுவாங்கன்னு பாக்கல. கூப்பிட்டறக் கூடாதேன்னு பாத்துட்டு இருக்கறேன். ஆபீசுல இருந்து இது அடிச்சுதுன்னா நான் இங்கயே எறங்கி நாமக்கல்லுக்குத் திரும்போணும். மாலைய உங்ககிட்டயே கொடுத்துட்டுத்தான் போகோணுமாட்டிருக்குது. அட, சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

என்ற பேரு சென்னியப்பனுங்க. ஒரு முட்டைக் கம்பெனியில கம்ப்யூட்டர் பாக்கறேன். கம்பெனி பேரு எதுக்குங்க, நல்ல கம்பெனி. சுத்துப்பட்டுல இருக்கற எங்க பண்ணை ஒவ்வொண்ணுலயும் ஒரு கம்ப்யூட்டர் வெச்சிருக்கறோம். காலையில எடுத்த முட்டை எத்தனை, ஒடைஞ்சது எத்தனைன்னு அதுல ஏத்திருவாங்க. மத்தியானம் ஆபீசு மெசினு ஒவ்வொரு பண்ணை மெசினுக்குள்ளயும் போயி அதையெல்லாம் எடுத்துட்டு வரோணும். வந்தாத்தான் எந்த லாரி எந்தப் பண்ணைக்குன்னு சீட்டு அடிக்கும். சீட்டு இருந்தாத்தான் வாட்ச்மேன் கேட்டைத் தொறப்பான். அது லேட்டானா லாரி வாளையார் தாண்டறது லேட்டு, கேரளாக்காரன் போன்ல கத்துவான், மொதலாளி எங்க மேல கத்துவாரு. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணுங்க.

இப்ப, ஒரு மெசினு இன்னொரு மெசினுக்குள்ள போகோணும்னா சாவி வேணுமல்லங்க? எஸ்.எஸ்.ஹெச். கீன்னு சொல்லுவோம் நாங்க. இரும்புல இல்ல, எழுத்தாவே இருக்கற சாவி, ஒரு ஃபைலு. அந்த ஃபைலை எவனாச்சும் காப்பி அடிச்சுட்டான்னா அவனும் உள்ள போயிரலாம். அதுக்குத்தான் சாவி செய்யறப்பவே மெசினு நம்மளக் கேக்கும். இந்தச் சாவிக்கு ஒரு ரகசிய வாசகம் கொடு, எடுக்கறப்பவெல்லாம் கேட்டுட்டுத்தான் கொடுப்பேன்னு. வேண்டாம்னா வெறும் என்டர் தட்டோணும். ரெண்டு தட்டு, முடிஞ்சுது சோலி. அப்புறம் அந்தச் சாவி எவனையும் எதையும் கேக்காது. யாரு எடுத்தாலும் தொறந்து விட்டுரும்.

ஒலகம் பூரா அப்படித்தானுங்க பண்றாங்க. ஏன்னா இதெல்லாம் ஸ்கிரிப்டு, தானா ஓடற வேலை. ஆளே இல்லாத எடத்துல நின்னு கேள்வி கேட்டா யாரு பதில் சொல்றது? அதனால சாவி செய்யறதையே ஸ்கிரிப்டுல எழுதிப் போட்டுருவானுக. வாசகம் எழுதற எடத்துல ரெண்டு மேற்கோள் குறி, நடுவுல ஒண்ணுமில்ல. வெறுங்காலி. எனக்கு அதைப் பாத்தாலே பத்திட்டு வருமுங்க. இத்தனை பண்ணை, இத்தனை லாரி, அதுக்குக் காவலு என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்லையாமா!

எங்க கம்பெனியிலயும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. என்கூட வேலை செஞ்ச ஒருத்தன் நின்னு போறப்போ அந்தச் சாவியக் காப்பி அடிச்சுட்டுப் போயி, போட்டிக் கம்பெனிக்காரன்கிட்டக் கொடுத்துட்டான். எங்க பண்ணையில இன்னிக்கு எத்தனை முட்டைன்னு எங்களுக்கு முன்னாடி அவனுக்குத் தெரியுது! அதை வெச்சு வெலை பேசறான். யாரு பண்றான்னு கண்டுபுடிக்க நான் சோறு தண்ணி இல்லாமத் திரிஞ்சேனுங்க. கண்டுபுடிச்ச கையோட எல்லாப் பண்ணையிலயும் பூட்டை மாத்தி, புதுச் சாவி செஞ்சு, அதுக்கு வாசகம் வெச்சேன். ஒரு வார்த்தை இல்லீங்க, முழுசா ஒரு வாசகம். நம்ம பேச்சுல, இங்கிலீசு எழுத்துல, எடம் விடாம. அந்த நேரத்துல மனசுக்குள்ள என்ன ஓடிட்டு இருந்துச்சோ அதையே போட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. பொண்டாட்டிக்கே சொன்னதில்ல. இத்தனை வருசத்துல அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குதுங்கறதே எனக்கு மறந்து போச்சு. ஒக்காந்தா வெரலு தானா அடிச்சுரும். அடிக்கறப்போ திரையில ஒரு புள்ளிகூட வராது, அது அப்படித்தான் வெச்சிருக்கறாங்க.

அந்த வருசம் ஆயுத பூசையில பெரிய மொதலாளி என்னைப் பக்கத்துல கூப்பிட்டு, அத்தனை பேரு முன்னாலயும் சால்வை போட்டாருங்க. "சென்னியப்பன் வந்து ஒக்காராம நம்ம மெசினு வாயத் தொறக்காது"ன்னாரு. டிரைவருக, பண்ணை ஆளுக, எல்லாரும் கை தட்டுறாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. சொல்றதுக்கென்ன, பெத்த அப்பன்கூட என்னைப் பத்தி நாலு பேரு முன்னால அப்படிச் சொன்னதில்ல.

அன்னைக்கு மாட்டுனவந்தானுங்க.

தெனமும் மத்தியானம் சோறு தின்னுட்டு சர்வர் ரூமுல போயி ஒக்காரோணும். அது கேக்கும், நான் அடிப்பேன், சாவி எந்திரிக்கும், ஸ்கிரிப்டு ஓடும். ஞாயித்துக்கெழமை இல்ல, தீவாளி இல்ல. கோழிக்கு ஏதுங்க ஞாயித்துக்கெழமை? பழனிக்கு மொட்டை வேண்டிட்டுக் குடும்பத்தோட போனோம். நான் டோக்கனக் கையில வெச்சுட்டு முடி எடுக்கற எடத்துல ஒக்காந்திருக்கறேன், போன் வருது. கரண்டு போயி வந்துச்சு, இன்னிக்கு நேரத்துலயே கேக்குதுன்னு. எந்திரிச்சு வந்துட்டேன். பொண்டாட்டியும் பையனும் மொட்டையோட வந்தாங்க, நான் முடியோட வந்தேன். காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் அப்படித்தான். கையில ஊசி குத்துனது குத்துனபடி ஆட்டோவுல வந்து, அடிச்சுட்டுத் திரும்பிப் போயிப் படுத்தேன். நர்சம்மா திட்டுன திட்டு இருக்குதே!

நீங்க கேக்கறது புரியுது. வீட்டுல இருந்தே அடிக்கலாமல்ல, ஒருக்கா சொன்னா மெசினு ஞாபகம் வெச்சுக்காதான்னு. வெச்சுக்குமுங்க. அதுக்குன்னு ஒண்ணு இருக்குது, காலையில சொல்லிட்டா அடுத்தது மெசினை நிறுத்தற வரைக்கும் கேக்காது. அதை நான்தான் அணைச்சு வெச்சேன். வெளிய இருந்து அடிக்கற வழியும் இருந்துச்சு, அதையும் நான்தான் அடைச்சேன். அந்த ரூமு, அந்தக் கீபோர்டு, என்ற கையி. அப்பத்தானுங்க பந்தோபஸ்து. என்னைக் கட்டிப் போட்டுட்டாங்களே, கட்டிப் போட்டுட்டாங்களேன்னு பொண்டாட்டிகிட்டப் பொலம்புவேன். "யாரு கட்டிப் போட்டாங்க?"ன்னு அவ கேப்பா. அவளுக்கு இந்தத் தொழில் நுணுக்கமெல்லாம் தெரியாதுங்க.

என்ற வயித்தெரிச்சலு என்ன தெரியுங்களா, மரகதம். என்ற தங்கச்சி. கூடப் பொறந்தது அவ ஒருத்திதான். காங்கேயத்துல கட்டிக் கொடுத்தோம். புது வீடு கட்டிப் பால் காய்ச்சுனாங்க, அது சரியா அந்தச் சாவி திருட்டுப் போன வாரம். போக முடியல. இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்டை நான் பாக்கலைங்க. அப்புறம் மௌனிகா வயசுக்கு வந்துது. அதான், இன்னிக்குக் கல்யாணப் பொண்ணு. தெரட்டிச் சீருல பச்சை ஓலையில குடிசை கட்டறது தாய்மாமன் சோலி. மத்தியானம் வாசகத்தை அடிச்சுட்டு ஓடிர்றேன்னு சொல்லியிருந்தேன். அன்னைக்குன்னு பாத்து ஒரு பண்ணையில மெசினு படுத்துருச்சு. திரும்பத் திரும்பக் கேக்குது, திரும்பத் திரும்ப அடிக்கறேன். அங்க அந்தப் புள்ளைய மணையில ஒக்கார வெச்சுட்டு, அண்ணன் வந்துருவான் வந்துருவான்னு மரகதம் ரோட்டையே பாத்துட்டு நின்னாளாமா. கடைசில எங்க பெரியப்பன் மகன் குப்பண்ணன் கட்டுனான் ஓலைய. அதுக்கப்புறம் அவ என்கிட்டப் பேசல. நான் என்ன சினிமாவுக்கா போனேன்? வேலைங்க! அதை அவ புரிஞ்சுக்கோணுமல்ல?

பேசாத பேசாத இருந்தவ, போன மாசம் போன் பண்ணுனா. எடுத்து, "சொல்லு சாமி"ங்கறேன். நல்லா இருக்கறியான்னு ஒரு வார்த்தை கேக்கல. "அண்ணா, மௌனிகாவுக்குக் கல்யாணம். இந்தவாட்டி குப்பண்ணனக் கூப்பிட மாட்டேன். எனக்கு அண்ணன்னா நீ ஒருத்தன்தான். உன்ற சட்டை ஒண்ணை அண்ணிகிட்டக் கொடுத்து விடு. வந்தா நீ. வராட்டி உன்ற சட்டைய மணையில வெச்சுச் சீரை முடிச்சுக்கறேன்." வெச்சுட்டா போனை.

பாத்தீங்களா திமிரை? சட்டையாமா! மூஞ்சில அடிச்சாப்ல இருந்துச்சுங்க எனக்கு. நான் உசுரோட இருக்கறப்போ சட்டைய வெச்சுச் சீரு பண்ணுவாளாமா! கொடுக்க மாட்டேன்னுட்டேன். நானே வர்றேன், வந்து காட்டறேன்னு பொண்டாட்டி சுலோச்சனாகிட்டச் சொன்னேன். அவ சீர்த் தட்டு, சேலை எல்லாத்தையும் எடுத்துட்டு முந்தா நாளே காங்கேயம் போயிட்டா. மாலை மட்டும் வாடாம நீங்க கொண்டாங்கன்னா. நானும் இன்னிக்குக் காலையில போட்டுக்கறதுக்குன்னு சந்தனக் கலர் சட்டையத் தேடறேன் தேடறேன், பீரோவுல காணோம். நெம்ப ராசியான சட்டைங்க, ஆயுத பூசையில சால்வை போட்டப்போ போட்டிருந்தது. அயர்ன்காரன் இன்னும் கொடுக்கலையாட்டிருக்குது. அதான் இந்தக் கட்டம் போட்டதுல வந்துட்டேன். அது கெடக்குது விடுங்க.

ஆபீசுல எல்லாருக்கும் தெரியும், கல்யாணத்துக்குப் போறேன்னு. பெரிய மொதலாளி இப்ப வர்றதில்ல, சின்னவருதான் பாத்துக்கறாரு. ஆடி மாசமே என்னைக் கூப்பிட்டு, "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படிக் கைல அடிச்சுட்டு இருப்பீங்க? வாசகம் இல்லாத சாவி ஒண்ணு பண்ணிருங்க"ன்னாரு. நான் சிரிச்சுட்டேன். எங்ககூட ரூபாவதின்னு ஒரு அம்மணி இருக்குதுங்க. படிச்ச புள்ள, சர்வரெல்லாம் அதுக்கும் அத்துபடி. அது சொல்லுச்சு, "இல்லீங்ணா, அந்தச் சாவிய முட்டைக் கணக்கு எடுக்கறதத் தவிர வேற எதுவும் பண்ண முடியாதபடி கட்டிப் போட்டரலாம். திருடுனாலும் திருடனுக்கு ஒண்ணும் கெடைக்காது. எல்லாரும் அப்படித்தானுங்ணா பண்றாங்க." நான் காதுலயே வாங்கல. கேள்வி கேக்காத சாவி ஒரு சாவியா? "நான் உசுரோட இருக்கற வரைக்கும் அது நடக்காது அம்மணி"ன்னேன். அப்புறம் ரெண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கல. புரிஞ்சுட்டாங்க.

ஆனா ஒண்ணு சொல்லோணும். ஆடிக்கப்புறம் மெசினு நல்ல வேகமுங்க. நான் அடிச்சு முடிக்கறதுக்குள்ள அங்க சீட்டு அடிச்சு, டிரைவரு வாங்கிட்டு நடந்துட்டு இருப்பான். ஒரு நாளு பாதி அடிக்கறப்போ தும்மல் வந்து, என்னத்த அடிச்சேன்னே தெரியல, அப்படியும் ஓடிருச்சு. எட்டு வருசம் பழகுன கையில்லீங்க? தப்பா அடிக்கோணும்னாலும் வராது.

சரி, இன்னிக்குக் கதைக்கு வர்றேன். மத்தியானம் நேரத்துலயே போயி ஒக்காந்துட்டேன். கேட்டதும் அடிச்சுட்டு, அப்படியே ரெண்டு மணி பஸ்ஸுக்கு ஓடிரலாம்னு மாலைக் கூடையவும் உள்ளயே வெச்சிருக்கறேன், ஏசியில வாடாதல்லங்க. பாத்தா, கேக்க மாட்டேங்குது! திரை சும்மா நிக்குது. ரூபாவதி வந்து எட்டிப் பாத்துட்டு, "அண்ணா, நீங்க கெளம்புங்க. இன்னிக்கு அது கேக்காது"ங்குது. கேக்காதா? கேக்காம எப்படி ஓடும்? பண்ணை லைனு எங்கியோ இழுத்துட்டு கெடக்குது, வந்துரும்னு நான் ஒக்காந்திருக்கறேன். திரும்ப வருது, "நான் பாத்துக்கறேன், போங்கண்ணா, தங்கச்சி காத்துட்டு இருக்கும்"ங்குது. என்னத்தப் பாத்துக்குவ நீ? உனக்கு வாசகம் தெரியுமா? நாலு வார்த்தை எச்சாவே பேசிட்டேன். அது மூஞ்சி செத்துப் போச்சு, வெளிய போயிருச்சு.

மணி போகுது. சன்னல்ல பாத்தா லாரி ஒவ்வொண்ணா கேட்டை விட்டுப் போகுதுக. சீட்டில்லாம எங்கடா போறீங்கன்னு எனக்கு ஆத்திரம். பைபாஸ் கடையில டீ குடிக்கப் போறானுகளாட்டிருக்குதுன்னு விட்டுட்டேன். ரெண்டு மணி பஸ்ஸு போச்சு. மூணு மணி பஸ்ஸும் போச்சு. சுலோச்சனா போன் மேல போன். "வருவீங்களா மாட்டீங்களா, ஒரு வார்த்தை சொல்லுங்க"ங்கறா. அங்கயும் நகர முடியல, இங்கயும் நகர முடியல. அந்தக் குளுருல எனக்கு முதுகெல்லாம் வேர்த்து நனைஞ்சு போச்சுங்க. கடைசில மனசைக் கல்லாக்கிட்டு எந்திரிச்சேன். ரூபாவதிகிட்ட, "கேட்டுச்சுன்னா உடனே போன் பண்ணு, எங்க இருந்தாலும் திரும்பி வந்தர்றேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறுனேன். அப்ப ஏறுனவன்தான், இந்தா, உங்க பக்கத்துல...

அடிக்குதுங்க.

பாருங்க, ரூபாவதிதான். எங் கெரகம். எடுக்கவா? எடுக்காம விட்டா? சத்தம் கேக்கலைன்னு சொல்லிக்கலாமா? இல்லீங்க, லாரி நிக்குமுங்க, நான் எடுக்கத்தான் வேணும். கூடையப் பத்தரமா புடிச்சுக்குங்க. அலோ... சொல்லம்மா. கேட்டுருச்சா? என்ன? ... சத்தமாச் சொல்லு, பாலத்துல நிக்கறேன். ... எந்த லாரி? ... எல்லாமா? சீட்டு? ... யாரு அடிச்சா வாசகத்தை? ... எப்ப இருந்து? ... அப்ப தெனமும் நான்... ஏம்மா, அப்ப தெனமும் நான் அடிச்சது என்னது? ... சரி. ... சரிம்மா. இல்லம்மா, அழுகாத. வெச்சிரு.

லாரியெல்லாம் மத்தியானமே போயிருச்சாமுங்க.

ஆடியிலயே மாத்திட்டாங்களாமா. சின்னவரு சொல்லி, ரூபாவதிதான் புதுச் சாவி செஞ்சிருக்குது. நடுவுல ஒண்ணுமில்லாத சாவி. அது பாட்டுக்கு நேரத்துக்கு ஓடிட்டு இருந்திருக்குது. அண்ணன் மனசு ஒடைஞ்சுருமேன்னு, அந்தக் கேள்விய மட்டும் எனக்காகத் திரையில விட்டு வெச்சுதாமா. நான் அடிக்கறது எங்கயும் போகாதாமா. நான் என்னத்த அடிச்சாலும் சரின்னு சொல்லுமாமா. இன்னிக்குக் கல்யாணச் சீராச்சே, காத்திருக்காம நேரத்துலயே போகட்டும்னு, காலையில அந்தக் கேள்வியவும் எடுத்துட்டேன்ங்குது. எடுத்ததுனாலதான் நான் போயிருவேன்னு அது நெனைச்சுது. நான் கேக்கும் கேக்கும்னு மூணு மணி பஸ்ஸும் போற வரைக்கும் ஒக்காந்திருந்தேன். யாரு மேலங்க கோவிச்சுக்கறது? அந்தப் புள்ள நல்லதுக்குத்தான பண்ணுச்சு.

வலிக்குதுங்க. பொய் சொல்ல மாட்டேன், இந்த நெஞ்சுக்குள்ள நெம்ப வலிக்குது. அத்தனை டிரைவருக்கும் தெரிஞ்சிருக்குமல்ல? சீட்ட வாங்கிட்டு, சன்னல்ல என்னைப் பாத்துக் கையக் காட்டிட்டுப் போவானுக. நான் இங்க மும்முரமா அடிச்சுட்டு இருப்பேன்.

சரி. விடுங்க. இருங்க, இன்னொரு வகையில பாத்தா... நான் திரும்பிப் போக வேண்டியதில்லீங்களே! இனி இந்தப் போனு அடிச்சா என்ன, அடிக்காட்டி என்ன? அட, ஆமாங்க! நாளைக்குக் கல்யாணத்துக்கு இருக்கலாம். மறுவீட்டுக்கு இருக்கலாம். மரகதம் கட்டுன வீட்டைப் பாக்கலாம். பழனிக்குப் போயி அந்த முடியக் கொடுத்துட்டு வரலாம். ஏனுங்க, வண்டி நகருதாட்டிருக்குதே? நகருது, நகருது! சாமி, ஓட்டுங்க டிரைவரே! பொழுது இன்னும் இருக்குது பாருங்க. தாய்மாமன் வராம யாரும் சீரு ஆரம்பிக்க மாட்டாங்க. சபையில பெரியவங்க மொதல்ல கேக்கறதே "தாய்மாமன் வந்தாச்சா?"ன்னுதான். நம்ம பக்கத்துல அந்தக் கேள்வியக் கேக்காம ஒரு தட்டு நகராதுங்க. மெசினை வேணா ஏமாத்தலாம், சபைய ஏமாத்த முடியுமா?

ஈரோடு வந்துருச்சு. காங்கேயம் பஸ்ஸு எந்தப் பக்கமுங்க நிக்கும்? கூடையக் கொடுங்க. தேங்க்ஸுங்க, இத்தனை தூரம் வெச்சிருந்தீங்க. இதுல பாருங்க, சுலோச்சனா கூப்பிடறா. வந்துட்டேன்னு சொல்லிர்றேன். அலோ, சுலோ, ஈரோட்டுல எறங்கப் போறேன், சித்த நேரம் நிறுத்தி வெய்யி, பெரியவங்ககிட்டச் சொல்லு... என்ன? ... முடிஞ்சுதா? எப்படி முடியும்? ... எந்தச் சட்டை? ... அந்தச் சந்தனக் கலரா? ... நீயா எடுத்துட்டுப் போன? ... மரகதம் என்ன சொன்னா? ... ம். ... ம். ... சுலோ, ஒண்ணே ஒண்ணு சொல்லு. தாய்மாமன் எங்கன்னு சபையில யாரும் கேக்கலையா? ... ஒருத்தர்கூடவா?

ம். வர்றேன். வெச்சிரு.

கேக்கலையாமுங்க.

நல்ல நேரம் போகுதுன்னு பெரியவரு எந்திரிச்சாராமா. மரகதம் என்ற சட்டைய மடிச்சு மணையில வெச்சு, அதுக்குச் சந்தனம் வெச்சு, அது மேல அங்க இருந்த மாலை ஒண்ணைப் போட்டு, அதுல இருந்து எடுத்துப் புள்ளைக்குப் போட்டாளாமா. போட்டுட்டு அந்தச் சட்டையக் கட்டிப் புடிச்சுட்டு அழுதாளாமா. எங்கண்ணன் வந்துட்டான், எங்கண்ணன் வந்துட்டான்னு. சட்டைய நானாக்கும்னு நெனைச்சு அழுதிருக்கறா. அப்ப நான் இங்க காவேரி மேல நின்னுட்டு இருந்திருக்கறேன். திமிருன்னேனே அவளை. உங்ககிட்டயே சொன்னேனே, மூஞ்சில அடிச்சாப்லன்னு. அண்ணன்னா நீ ஒருத்தன்தான்னு அவ அன்னைக்கே சொல்லிட்டா. எனக்குச் சட்டைங்கறது மட்டும்தான் காதுல உழுந்திருக்குது.

இல்லீங்க, நீங்க எறங்குங்க. எல்லாரும் எறங்கிட்டாங்க. நான் சித்த ஒக்காந்துக்கறேன். திரும்பிப் போனா அங்க நான் வேண்டியதில்ல. காங்கேயம் போனா அங்க எனக்குப் பதிலா என்ற சட்டை இருக்குது. இந்த மாலைய என்ன பண்றதுன்னு தெரியலைங்க.

என்னங்க? காதுல உழுகல. எங்க போகோணும்னா கேக்கறீங்க?

இன்னொருக்கா கேளுங்க. பரவால்ல, சும்மா கேளுங்க. இன்னிக்கு நீங்க ஒருத்தர்தான் என்னை ஒரு கேள்வி கேட்டிருக்கறீங்க.

மரகதம் வீட்டுக்கு ஒருக்கா போயிட்டு வரோணும்.

அட... அதேதானுங்க. அந்த வாசகமே அதுதானுங்க. மரகதம் வீட்டுக்கு ஒருக்கா போயிட்டு வரோணும். எட்டு வருசமா தெனமும் மத்தியானம் ஒக்காந்து நான் அடிச்சது அதைத்தான். அடிக்கறது திரையில தெரியாதல்லங்க.